இலவு காத்த கிளியும் ஒரு தையல் மிஷினும்

தேனி ஸ்டேஷனில் இறங்கியபோது என்னிடம் மூன்று சாமான்கள் இருந்தன. ஒன்று, மாமியார் வீட்டுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு. இரண்டு, மடித்து வைத்த காலி கித்தான் பை. மூன்று, சட்டைப் பையில் நாலாக மடித்த ராஜினாமாக் கடிதம்.

மைசூர்பாகு மாமியாருக்கு. கடிதம் மேனேஜருக்கு. கித்தான் பை? சொல்கிறேன். அதற்கு முன்னால் என் ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும்.

நான் தைக்கிறேன் ஸார்.

பகலில் ஒரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் ஊரார் கணக்கையெல்லாம் சரி பார்க்கிறவன். ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அம்மாவின் பழைய உஷா மிஷின் முன்னால் உட்கார்ந்தால் பதினோரு மணி வரை கடகடவென்று சத்தம்தான். ஆரம்பித்தது 2020-ல். ஊரடங்கின்போது வீட்டில் மாஸ்க் தைத்தேன். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்த பிறகு வெட்டுத்துணி ஒரு மூட்டை மிஞ்சிவிட்டது. தூக்கிப் போட மனசு வராமல் துண்டும் துண்டுமாக ஒட்டித் தைத்ததில், குழந்தை படுக்கிற அளவுக்கு ஒரு விரிப்பு வந்தது. இதற்கு குவில்ட் என்று பெயர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

குவில்ட் என்றால் பயப்பட வேண்டாம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டித் தைத்தால் குவில்ட். ஓரத்தை மட்டும் தைத்தால் அது தலையணை உறை. வித்தியாசம் அந்தக் குறுக்குத் தையலில்தான் இருக்கிறது.

ஆபீசில் விஷயம் கசிந்ததும் 'என்ன ஸார், ஜாக்கெட்டுக்கு அளவு எடுப்பீங்களா?' என்றார்கள். ஒரு விசித்திரம் பாருங்கள். நம்ம ஊரில் ஆண்பிள்ளை கடை போட்டுத் தைத்தால் டெய்லர். அதே ஆண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து தைத்தால், 'பாவம், அவருக்கு என்ன ஆச்சு?' நான் காந்தியைத் துணைக்கு இழுத்தேன். இயந்திரங்களைப் பற்றி அத்தனை கடுமையாக எழுதியவர், 1924-ல் ஒரு பேட்டியில் சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்திருக்கிறார். 'காந்தி சரி, ஜூன் மாச ஸ்டேட்மென்ட் எங்கே?' என்றார் மேனேஜர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குழந்தைத் துணிக்கடைக்காரர் ஒருவர் என் கைவேலையைப் பார்த்துவிட்டு, ஒன்றுக்கு 900 ரூபாய் என்று பேசி, பன்னிரண்டு குவில்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். 'இலவம் பஞ்சு வச்சுக் கொடுங்க. இயற்கைன்னு சொன்னா இன்னும் போகும்' என்றார்.

அன்றைக்கு ராத்திரியே ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்துவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை.

இலவம் பஞ்சு என்றால் போடி. போடி என்றால் என் மாமியார் ஊர்ப் பக்கம். கித்தான் பை எதற்கென்று இப்போது புரிந்திருக்கும்.

* * *

தேனிக்கு ரயிலில் போவது என்பதே ஒரு சந்தோஷம். 1928-ல் வந்த பாதை இது. மதுரையிலிருந்து போடி வரை மீட்டர் கேஜில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை 2010 கடைசியில், பாதையை அகலமாக்கப் போகிறோம் என்று நிறுத்தினார்கள். திரும்பத் தேனிக்கு வண்டி வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன். நடுவில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடித்திருக்கும். இப்போது சென்னை சென்ட்ரலில் ராத்திரி ஏறினால் காலையில் தேனி.

உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்க்குள் வண்டி நுழைந்ததும் தூங்குகிறவரையும் எழுப்பிவிடலாம். அதுவரை வறண்ட கரிசலும் வேலிக்காத்தானுமாக வந்த பூமி, கணவாய் தாண்டியதும் முகத்தை மாற்றிக்கொள்கிறது. மேற்கே நீலமாக மலை. இந்தப் பக்கம் ஆண்டிபட்டி சக்கம்பட்டியில் தறிச் சத்தம். அங்கே நெய்கிற பருத்திச் சேலைக்குத் தனி மவுசு உண்டு.

தேனியிலிருந்து சின்னமனூருக்கு பஸ். வீரபாண்டி வந்ததும் ஜன்னலோரத்துப் பாட்டி கெளமாரியம்மன் இருக்கிற திசைக்குக் கும்பிடு போட்டார். நானும் போட்டேன். (அட்வான்ஸ் வாங்கியவன் எல்லா சாமிக்கும் கும்பிடு போடுவது நல்லது.) வீரபாண்டி தாண்டினால் அப்புறம் தென்னை, வாழை, நெல். ஏப்ரல் வெயிலிலும் கண்ணுக்குக் குளிர்ச்சி.

மாமியார் வீட்டில் வரவேற்பு பலமாக இருந்தது. கித்தான் பையைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"எதுக்கு மாப்ள இம்புட்டுப் பெரிய பை?"

"பஞ்சு வாங்கத்தே."

"பஞ்சா? எதுக்கு?"

என் மனைவி அங்கே இதுவரை விஷயத்தைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை அக்கவுன்ட்ஸ் ஆபீசர் என்று பத்திரிகை அடித்துக் கல்யாணம் செய்து கொடுத்தவர்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ராஜினாமாவை மட்டும் சொல்லவில்லை.

மாமனார் விசிறியைக் கீழே வைத்தார். மாமியார் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப நம்ம வீட்டு மெத்த உறை ஒண்ணு கிழிஞ்சு கெடக்கு..." என்றார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உறையைத் தைத்துக் கொடுத்துவிட்டேன். மாமியார் தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, "போடில எங்க தங்கச்சி முறை ஒருத்தி இருக்கா. மெத்த உறை தைக்கிறதுதான் அவ தொழிலு. பஞ்சு வாங்குறதுக்கு முன்னாடி அவளப் பாத்துட்டுப் போங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால் எனக்கு மிச்சமான பணத்தை நினைத்தால், மைசூர்பாகு இரண்டு கிலோவாக வாங்கிப் போயிருக்கலாம்.

* * *

மச்சினன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து உள்ரோட்டில் போடிக்குப் போனேன். மலை பக்கத்தில் வர வர, "மச்சான், அந்தா பாருங்க இலவ மரம்" என்றான்.

இலவ மரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நேராக ஒரு மரம். கிளைகள் மேல்நோக்கி வளராமல், கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு அடுக்கடுக்காக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஈ.பி.க்காரர்கள் கம்பம் நட்டுவிட்டு ஒயர் இழுக்க மறந்துபோன மாதிரி இருக்கும். கோடையில் இலை கொட்டிப்போய்க் காய் மட்டும் தொங்கும். குரங்கணி மலையடிவாரத்திலும், அந்தப் பக்கம் கடமலைக்குண்டு, வருசநாட்டிலும் இது பெரிய வெள்ளாமை.

இலவு காத்த கிளியின் கதை உங்களுக்குத் தெரியும். காய் பழுக்கும், தின்னலாம் என்று கிளி காத்திருக்கிறது. காய் முற்றி வெடித்தால் உள்ளே பஞ்சு. பறந்து போகிறது. சின்ன வயசில் படித்தபோது கிளியைப் பார்த்துச் சிரித்தேன். சட்டைப் பையில் கடிதம் இருப்பதை மறந்து, பைக்கில் போகும்போதும் சிரித்தேன்.

போடியில் இரண்டு வாசனை. ஒன்று ஏலக்காய். மேலே கேரள மலையில் விளைகிற ஏலத்துக்கு இங்கேதான் ஸ்பைசஸ் போர்டின் ஏல மையம் இருக்கிறது. (ஏலத்துக்கு ஏலம். தமிழுக்கு நன்றி.) இன்னொன்று பஞ்சு. பஞ்சுக்கு வாசனை உண்டா என்று கேட்காதீர்கள். மெத்தைக்கடைகளின் பக்கம் போனால் மூக்கு தானாகச் சொல்லும். அதற்கப்புறம் நாலு தும்மல் வரும்.

அத்தை வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் இரண்டு மிஷின். ஒன்றில் மோட்டார் மாட்டியிருந்தது. கோடு போட்ட மெத்தைத் துணி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. கடைக்காரர்கள் துணி கொடுக்க, உறை தைத்துக் கொடுப்பது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் வேலையாம்.

"வாங்க மாப்ள. அக்கா போன்ல சொன்னா. நீங்களும் நம்ம சாதிதான்னு!"

"சாதியா?"

"தையச் சாதி."

நான் கொண்டு போயிருந்த மாதிரி குவில்டை எடுத்துக் காட்டினேன். அத்தை அதை விரிக்கவில்லை. முதலில் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். நல்ல தையல்காரருக்கு அதுதான் அடையாளம். முன்பக்கம் நாம் ஊருக்குக் காட்டுவது. அடிப்பக்கம்தான் மிஷின் நம்மைப் பற்றிச் சொல்லும் சாட்சி.

"இங்க சுருங்கிருக்கு. ஓரத்துலேர்ந்து தச்சீங்களா?"

"ஆமா அத்தை."

"நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு வெளிய போகணும். இல்லாட்டி துணி எல்லாம் நடுவுல வந்து முட்டிக்கிரும். நூலு டென்ஷனும் கூடிப்போச்சு."

டென்ஷன் எனக்கா மிஷினுக்கா என்று ஒரு வினாடி தெரியவில்லை. இரண்டுக்கும்தான்.

இலவம் பஞ்சு வாங்க வந்தேன், பன்னிரண்டு குவில்டுக்கு என்றேன். அத்தை பதில் சொல்லவில்லை. கைக்குட்டை அளவுக்கு இரண்டு துணி எடுத்தார். நடுவில் ஒரு பிடி இலவம் பஞ்சு வைத்தார். நாலு பக்கமும் தைத்து, குறுக்கே இரண்டு தையல் ஓட்டினார். என் கையில் கொடுத்து, "உதறுங்க" என்றார்.

உதறினேன். நாலைந்து உதறலில் பஞ்சு எல்லாம் ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ஊசி குத்திய துளை வழியாக மெல்லிய பிசிறு கிளம்பி என் சட்டை முழுக்கப் படிந்தது.

காரணம் இலவம் பஞ்சின் பிறவிக் குணம். பருத்தி இழை முறுக்கிக்கொண்டு ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். இலவம் இழை குட்டையானது, வழவழவென்றது, உள்ளே வெறும் குழல். குழல் முழுக்கக் காற்று. மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. அதனால்தான் ஒரு காலத்தில் உலகமெங்கும் கப்பல்காரர்களின் உயிர்காப்புச் சட்டைக்குள் இதை அடைத்தார்கள். அதே குணத்தால் நூலாக நூற்பதும் கஷ்டம், குவில்டுக்குள் ஓரிடத்தில் நிறுத்துவதும் கஷ்டம். துவைத்தால் கட்டி தட்டிப்போகும். குழந்தை விரிப்பைத் துவைக்காமல் இருக்க முடியுமா?

"மெத்தைக்கும் தலகாணிக்கும் இத மிஞ்சி ஒண்ணு கெடையாது. நெருக்கமா நெஞ்ச துணிக்குள்ள திணிச்சு அடைக்கிறோம், மெத்தைக்கு நீள ஊசியால அங்கங்க குத்தி முடிச்சும் போடுறோம். அது நகராது. துவைக்க வேணாம், வெயில்ல போட்டா போதும். ஒங்க வேலைக்குப் பருத்திதான் மாப்ள. வெரிப்பா அடிச்ச பருத்தி" என்றார்.

கிளி கொஞ்சம் சிறகு வாடியது.

* * *

காபி வந்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, வேலையை விடப் போவதைச் சொல்லிவிட்டேன். வீட்டு மனிதர்களிடம் சொல்ல முடியாததைத் தொழில்காரரிடம் சொல்லிவிட முடிகிறது.

"ஒண்ணுக்கு என்ன நிக்கிது?" என்றார் அத்தை.

எழுதிக் காட்ட பேப்பர் தேடினேன். சட்டைப் பையிலிருந்த கடிதம்தான் அகப்பட்டது. பின்பக்கம் எழுதினேன். மேல்துணி, அடித்துணி 300 ரூபாய். பஞ்சு 120. நூல், ஊசி, கரண்ட் 40. ஆக 460. விற்பது 900. லாபம் 440. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி!

"ஒங்க கூலி எங்க?"

"அதான் அத்தை, லாபமே எனக்குத்தானே?"

"கடைக்காரர் துணி குடுத்து நான் தைக்கிறேன். கூலி குடுக்காம, 'லாபம் வந்தா பாப்போம்'னா தைப்பேனா? ஒங்களுக்கு நீங்களே கூலி குடுக்கலன்னா எப்புடி? எத்தன மணி நேரம் ஆகும் ஒண்ணுக்கு?"

யோசித்தேன். வெட்ட ஒன்று. துண்டுகளை இணைக்க மூன்று. மூன்று அடுக்கையும் பரப்பிப் பெரிய தையலாக ஓட்டி நிறுத்த ஒன்று. குறுக்குத் தையலுக்கு மூன்று. ஓரத்துக்குப் பட்டி வைத்து முடிக்க இரண்டு. ஆக பத்து மணி நேரம்.

"அப்ப மணிக்கு நாப்பத்து நாலு ரூவா" என்றார் அத்தை. காகிதம், பேனா, கால்குலேட்டர் எதுவும் இல்லாமல்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "வீட்டுச் செலவுக்கு மாசம் எவ்வளவு வேணும்?" என்றார். முப்பதாயிரமாவது வேண்டும் என்றேன். அந்தக் கணக்கை நானே போட்டேன். 440 வீதம் முப்பதாயிரம் என்றால் மாதம் 68 குவில்ட். 68 குவில்டுக்கு 680 மணி நேரம். ஒரு மாதத்துக்கு மொத்தமே 720 மணி நேரம்தான் ஸார்! மிச்சமிருக்கிற 40 மணியில் ஒரு மாதத்துக்கான தூக்கம், குளியல், சாப்பாடு, மனைவியோடு சண்டை எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு வருஷமாக அக்கவுன்ட்ஸில் இருக்கிறேன். அடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் தூக்கம் வராது. என் கணக்கில் 680 மணி நேரத்தைக் காணவில்லை. ஆடிட்டர் போடியில் இருந்தார்.

* * *

கிளம்பும்போது உள்ளறைக் கட்டிலில் விரித்திருந்ததைப் பார்த்தேன். பழைய சுங்குடிச் சேலைகளை வெட்டிக் கட்டம் கட்டமாக ஒட்டி, நடுவில் பழைய வேட்டிகளை அடுக்கி வைத்துத் தைத்த போர்வை. சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. தையல் கோடுகள் கண்மாய் அலை மாதிரி வளைந்து போயின. புரட்டிப் பார்த்தேன் (கற்றுக்கொண்டுவிட்டேன் அல்லவா). அடிப்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை.

"எங்கம்மா சேல எல்லாம். அவ போன பெறகு தச்சேன்" என்றார் அத்தை.

எவ்வளவு நாள் ஆனது என்று கேட்டேன்.

"நாளக் கணக்குப் பண்ணல. மழ பேஞ்சா, கரண்டு இல்லாட்டி, கடைக்காரர் துணி வராட்டி உக்காந்து கொஞ்சம் தைப்பேன்."

விற்றால் என்ன விலை சொல்வீர்கள் என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அத்தை கோபப்படவில்லை. போர்வையின் ஓரத்தை மட்டும் இழுத்துச் சரி செய்தார். "உறை வயித்துக்கு மாப்ள. இதுக்கு வெல கெடையாது" என்றார்.

உலகம் முழுக்க இந்தப் போர்வைக்கு உறவுக்காரர்கள் உண்டு. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்தால் காந்தா. பிஹாரில் சுஜனி. கர்நாடகத்து உத்தர கன்னடக் காடுகளில் சித்தி இனப் பெண்கள் தைப்பது கவந்தி. அதன் நாலு மூலையிலும் பூ என்று சின்னத் துணிமடிப்பு வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு மூலை கிராமம். பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலைத் துணிகளை ஒட்டிக் குளிருக்குத் தைத்த போர்வைகளை 2002-ல் ஹூஸ்டன் மியூசியத்தில் மாட்டினார்கள். 2006-ல் அவை தபால்தலையாகவும் வந்தன.

கையால் தைத்தால்தான் கலை, மிஷினில் தைத்தால் மட்டம் என்ற வழக்கும் அங்கே உண்டு. 1989-ல் கென்டக்கியின் படூக்கா நகரத்துப் பெரிய போட்டியில் கேரல் பிரையர் ஃபாலர்ட் என்ற பெண்மணி மிஷினில் தைத்த குவில்டுக்கு முதன்முதலாக முதல் பரிசு கிடைத்தபோது பெரிய சர்ச்சையே நடந்தது. போடி அத்தையிடம் சொன்னேன். "மிஷினு என்ன தானாவா தைக்கும்?" என்றார். வழக்கு முடிந்தது.

* * *

மறுநாள் மச்சினன் என்னைக் கம்பம் பக்கம் கூட்டிப்போனான். சுருளிப்பட்டிப் பக்கம் பந்தலுக்குக் கீழே பன்னீர் திராட்சை கறுத்துத் தொங்கியது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை. வருஷத்துக்கு ஒரு தடவை காய்த்துவிட்டு ஓய்வெடுக்கிற வழக்கமெல்லாம் இதற்குக் கிடையாது. எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும்.

அங்கிருந்து கூடலூர் வழியாக லோயர் கேம்ப். பென்னிகுவிக் மணிமண்டபம். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை 1895-ல் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். ஊசிக்காதில் நூலைக் கோத்த மாதிரி மலைக்குள் தண்ணீரைக் கோத்துவிட்டார்கள். அந்த நூல்தான் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று பள்ளத்தாக்கு முழுவதையும் பச்சையாகத் தைத்துக்கொண்டு வைகைக்குப் போகிறது.

மண்டபத்துப் படியில் உட்கார்ந்து கடிதத்தை எடுத்தேன். முன்பக்கம் 'சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலக'. பின்பக்கம் 440-ம் 680-ம். எனக்குத் தையல் பிடித்ததே, அது ஆபீஸ் மாதிரி இல்லை என்பதால்தான். யாரும் ஸ்டேட்மென்ட் கேட்பதில்லை. தப்பாகப் போனால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். அதையே மாதம் 68 என்று ஆக்கினால், என் வீட்டுக்குள்ளேயே ஒரு ஆபீஸ் திறந்து, நானே மேனேஜராகி என் உயிரை எடுப்பேன். அந்த மேனேஜரிடம் லீவும் கேட்க முடியாது.

"என்ன மச்சான், லவ் லெட்டரா?" என்றான் மச்சினன்.

"ஆமாடா. கொடுக்கலாமா வேண்டாமான்னு பாக்கறேன்."

"அக்காகிட்ட சொல்லவா?"

மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

* * *

சென்னை திரும்பி மூன்று மாதம் ஆகிறது. வாக்குக் கொடுத்த பன்னிரண்டையும் பருத்தி விரிப்பு வைத்து, பேசிய 900 ரூபாய்க்கே தைத்துக் கொடுத்தேன். அடுத்த ஆர்டருக்கு 1,500 என்றேன். கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். 'துணி, பஞ்சு, நூல் 460. மிச்சம் என் பத்து மணி நேரம்' என்று கணக்கைக் காட்டினேன். இரண்டு நாள் கழித்து, மாதம் நாலு போதும் என்றார். எனக்கும் நாலு போதும். சனி, ஞாயிறு ஐந்தைந்து மணி நேரம். மாதம் கையில் 4,160 ரூபாய். ராஜினாமா செய்யப் போதாது. சந்தோஷமாக இருக்கப் போதும்.

உங்களில் யாருக்காவது பரணில் அம்மாவின் மிஷின் தூங்கினால், இறக்கி எண்ணெய் விடுங்கள். நான் அடிபட்டுக் கற்ற நாலு விஷயம் இலவசம். துணியை வெட்டுமுன் நனைத்துக் காய வையுங்கள். பிறகு சுருங்கினால் தையலோடு சேர்த்து இழுக்கும். பதினாறாம் நம்பர் ஊசி போடுங்கள். தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்து, நடுவிலிருந்து வெளியே போங்கள். மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் என்று ஒரு பாதம் கிடைக்கிறது. உங்கள் மிஷினுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள், பாதிச் சுருக்கம் போய்விடும். விலை போடும்போது கூலியை முதல் வரியில் எழுதுங்கள், கடைசியில் அல்ல. எண்ணிப் பார்த்தால் ஐந்து வருகிறது. அக்கவுன்ட்ஸ்காரன் கணக்கு அப்படித்தான்.

இடையில் விற்பனைக்கு இல்லாமல் ஒன்று தொடங்கியிருக்கிறேன். அம்மாவின் சேலைகள். ஒரு நாளைக்கு ஒரு வரி தைத்தாலும் சரி, தைக்காவிட்டாலும் சரி. அதற்குக் கணக்கு எழுதவில்லை.

ஆமாம், அந்தக் கித்தான் பை? போடியிலிருந்து அதை நிரப்பிக்கொண்டுதான் வந்தேன். இரண்டு இலவம் பஞ்சுத் தலையணை. இத்தனை வருஷத்தில் மனைவிக்கு நான் வாங்கிக் கொடுத்ததில் அவள் குறை சொல்லாத ஒரே பொருள்.

கடிதத்தை மேனேஜரிடம் கொடுக்கவில்லை. மிஷினுக்கு மேலே சுவரில் பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டி வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் 'தங்கள் உண்மையுள்ள' என்று டைப் அடித்திருக்கிறது.

ஆனால் உண்மை இருப்பது பின்பக்கத்தில்தான்.